அரை வயிறு

நிஷாந்தினிக்கு ஆறாம் மாதம். காலையில் தேயிலைத் தோட்டத்தில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு ரொட்டி, கொழுந்து பறித்துத் திரும்பியதும் இரண்டு கரண்டி சோறு. அதற்குமேல் தட்டை நீட்டினால் மாமியார் பாக்கியலெட்சுமி பானையை மூடிவிடுவாள்.

“வயித்த நெரப்பினா புள்ள பெருத்துரும். அப்புறம் பெத்தெடுக்க நீதான் கஷ்டப்படுவ. கிருஷ்ணராஜ பெத்தப்ப எனக்கு வலியே தெரியல. பூனக்குட்டியாட்டம் வந்து விழுந்தான்.”

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவைக்கூட மாமியார் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தாள். ஒளிந்து தின்னலாமென்றால் லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில் மறைவிடம் ஏது? ஹல்துமுல்லையில் இருந்த பிறந்த வீட்டிலும் அண்ணன் குடும்பமே நெருக்கியடித்துக் கிடந்தது. பசி நெஞ்சை அடைக்கும்போது தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

நமுனுகுல மலையை மூடுபனி மறைத்திருந்த ஒரு காலையில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த அவள் கணவன் கிருஷ்ணராஜ் மயங்கி விழுந்தான். பதுளை ஆஸ்பத்திரியில் சீனி வியாதி என்றார்கள். முப்பது வயது, விறகுக்குச்சி உடம்பு. நிஷாந்தினியால் நம்ப முடியவில்லை.

“அவரு சீனி போட்டுத் தேத்தண்ணிகூட குடிக்க மாட்டாரே, டாக்டரம்மா!”

டாக்டர் ஸில்மியா அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு பாக்கியலெட்சுமி பக்கம் திரும்பினார்.

“இவரு பொறக்கக்குள்ள எடை குறைவா இருந்தாரா?”

“ஆமாங்க. ரொம்ப சின்னது.”

“அப்ப நீங்க ஒழுங்கா சாப்பிட்டீங்களா?”

பாக்கியலெட்சுமி மகன் படுத்திருந்த கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

“வயித்துல இருக்கக்குள்ள சாப்பாடு பத்தாட்டி, புள்ளைட உடம்பு கொஞ்சத்துலயே சமாளிக்கப் பழகிரும். வளந்த பொறகு அந்த உடம்புக்குச் சீனி வியாதி வாறது லேசு. இது மட்டுந்தான் காரணம்னு சொல்ல ஏலாது. ஆனா இதுவும் ஒரு காரணம்தான்.” பிறகு நிஷாந்தினியிடம் சொன்னார்: “நீங்க வயிறார சாப்பிடுங்க. பருப்பு, முட்டை, கீரை, எல்லாம்.”

கிருஷ்ணராஜையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, இனி பானை திறந்திருக்கும் என்று நிஷாந்தினி நினைத்தாள். அன்று மாலையும் இரண்டு கரண்டிதான் விழுந்தது.

“மாமி, டாக்டரம்மா சொன்னாங்கள்ல?”

“அப்ப எம்புள்ளய நாந்தான் நோயாளி ஆக்கிட்டேன்னு சொல்ல வர்றியா?”

மூன்றாவது கரண்டியைப் போட்டால், அதை ஒத்துக்கொண்டதாகிவிடும். நிஷாந்தினிக்கு அது அப்போதுதான் புரிந்தது. கட்டிலில் படுத்திருந்த கிருஷ்ணராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். யாருக்குப் பரிந்து பேசுவான் அவன்?

“ஒங்களுக்கு அப்ப யாரு மாமி சோறு போட்டாங்க?”

பாக்கியலெட்சுமியின் கை நின்றது.

“எம் மாமியா. அவ இவ்வளவுகூடப் போடல. ராத்திரியெல்லாம் பசிக்கும். பசிக்குதுன்னு சொன்னா அடிப்பா.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். பீலியடியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்தோடு அவள் அழுவதும் கேட்டது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நிஷாந்தினிக்கு மனம் தவித்தது. எழுந்திருக்கவில்லை. பானையை இழுத்துத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள். பருப்பை மொத்தமாக ஊற்றினாள். கண்ணீர் சோற்றில் சொட்ட, கடைசிப் பருக்கைவரை தின்று முடித்தாள். அதன் பிறகுதான் மாமியாரைத் தேடிப் போனாள்.

பாக்கியலெட்சுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. “தின்னியா?” என்று மட்டும் கேட்டாள்.

“தின்னேன், மாமி.”

மறுநாளிலிருந்து நிஷாந்தினி தானே போட்டுச் சாப்பிட்டாள். யாரும் தடுக்கவில்லை. அவள் தட்டெடுக்கும்போதெல்லாம் மாமியார் எழுந்து வெளியே போய்விடுவாள். அந்த அறையில் ஒவ்வொரு கவளமும் ஒரு குற்றச்சாட்டைப்போல இறங்கியது. ஆனாலும் அவள் விழுங்கினாள்.