பீம்ராவின் பத்தொன்பது வருடம்

கணவன் பீம்ராவ் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட அந்த மாலையில்தான், தாமோதரனைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று செங்கொடி முடிவு செய்தாள்.

திருவொற்றியூரில் தாமோதரனின் வால்வு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் லேத் ஓட்டியவன் பீம்ராவ். கண் மங்கியதும் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய கிராஜுவிட்டிப் பணத்தைக் கேட்கப் போனவனை, எல்லோருக்கும் எதிரில், "கூப்பிட்டா வந்து போற கான்ட்ராக்ட் ஆளுப்பா நீ. ரெண்டு வருஷம் இருந்திருப்பியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் தாமோதரன். பதிவேட்டிலும் இரண்டு வருடம்தான் இருந்தது. அதற்கு முன்னால் வெறும் வவுச்சரில் சம்பளம். அந்த வவுச்சர்களையும் கொளுத்தியாகிவிட்டது.

"விடு மே. நம்ம கண்ணாலத்துக்கு வந்த மனுசன்," என்றான் பீம்ராவ்.

"வந்தாரு, துன்னாரு. அதையும் சேத்துக் கக்கட்டும்."

தாமோதரனுக்கு ஒரு பெருமை உண்டு. ஆயுத பூஜைதோறும் பொரி, பழத்தோடு ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பார். நாலு வீட்டில் தன் புகழ் பேச வேண்டும் என்று கம்பெனி பெயர், வருடம், வாங்குகிறவர் பெயர் மூன்றையும் வெட்டித்தான் தருவார். காகிதத்தைக் கொளுத்தியவர் இதை மறந்துவிட்டார்.

வியாசர்பாடி வீட்டுப் பரணில் பதினாறு பாத்திரங்கள் கிடைத்தன. மீதி மூன்று கொருக்குப்பேட்டையில் நாத்தனார் வரலட்சுமியிடம். இருவருக்கும் நாலு வருடமாகப் பேச்சில்லை. தாமோதரன் மேலிருந்த ஆத்திரத்துக்கு முன்னால் அந்தச் சண்டை சிறுத்துப்போனது. விஷயத்தைக் கேட்ட வரலட்சுமி, மாவு இருந்த தூக்கைக் கொட்டிக் கவிழ்த்து, தானே புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

தொழிலாளர் அலுவலகத்தில், அதிகாரியின் மேசை மேல் பத்தொன்பதையும் வருட வரிசையில் அடுக்கினாள் செங்கொடி. தாமோதரனின் வக்கீல் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுப்பது வழக்கம் என்றார் தாமோதரன்.

"பேரு வெட்டியா?" என்று கேட்டார் அதிகாரி.

வட்டியோடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தாமோதரன் அசையவில்லை. பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினார். மகளின் காலேஜ் சேர்க்கை நெருங்கியதால் பீம்ராவ் தடுமாறினான். செங்கொடி காதிலிருந்த கம்மலைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். "இதுல ஃபீஸ் கட்டு. பாதி வாங்குனா, பாதி வருசம் நீ அங்க இல்லன்னு ஆயிடும்." அவன் அவள் வெறும் காதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு பாதி என்ற பேச்சை எடுக்கவில்லை.

கொடுக்காத பணத்தை வசூலிக்கும் வேலை தாலுகா அலுவலகத்துக்குப் போனது. அவள் வாரந்தோறும் அங்கே போய் நின்றாள். ஜப்திக்கு நாள் குறித்தபோது, மதியம் பன்னிரண்டரைக்கு வரச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். அது தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம்.

அத்தனை தொழிலாளிகளும் டிபன் டப்பாவோடு வாசலில் நிற்க, வருவாய்த் துறையினர் தாமோதரனின் காரைச் சுற்றி வந்து எண்ணை எழுதிக்கொண்டார்கள். வியர்த்து ஓடிவந்தவர், "பீமா, உள்ள வா, பேசிக்கலாம்," என்றார். பீம்ராவ் நகரவில்லை. செங்கொடி அந்த வியர்வையை ஆசை தீரப் பார்த்தாள்.

மூன்று மணிக்குள் முழுத் தொகைக்கும் பேங்க் டிராஃப்ட் வந்தது. கூடவே கம்பெனிக் கணக்கர் கையெழுத்துக்கு நீட்டிய, டைப் அடித்த ரசீது. மகள் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்த தைரியத்தில் செங்கொடி எழுத்துக் கூட்டி வாசித்தாள்: 'முழு மனத்திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.'

"சார், இவரு வாங்கிக்கினாரு. அது நெசம். திருப்தின்னு யாரு சொன்னா? அத்த கோடு போட்டு அடிங்க."

எல்லா ரசீதிலும் அப்படித்தான் போடுவது என்றார் கணக்கர்.

"மொதலாளி கையால அடிக்கட்டும். பக்கத்துல கையெழுத்தும் போடட்டும்."

தாமோதரன் வாசலைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் முடிந்தும் யாரும் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பேனாவைத் திறந்து, அந்த இரண்டு சொற்களையும் அடித்தார். கோடு நேராக விழவில்லை.

"இன்னொருக்கா," என்றாள் செங்கொடி. "நல்லா தெரியிற மாதிரி."