முதுகில் வட்டங்கள்

சட்டையைக் கழற்றிவிட்டு நிஹால் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றான். செல்போனைத் தோளுக்கு மேலே தூக்கி எத்தனை படம் எடுத்தாலும் முதுகு மங்கலாகத்தான் விழுந்தது. ஒரு படத்தில் புள்ளிகள் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தான். கண்ணாடியில் ரசம் உதிர்ந்த இடங்கள்.

அவன் ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட்டுகளை அவன் உடம்பே எதிரியென்று எண்ணி அழித்துக்கொண்டிருந்தது. அவை குறைந்தால் ரத்தம் லேசில் நிற்காது. சும்மா இடித்தாலே கன்றிப்போகும். தோலுக்கடியில் கடுகு கடுகாகப் புள்ளி கிளம்பும். மாத்திரையில் அடங்கியிருந்தது. போன வாரம்தான் டாக்டர் அளவைக் குறைத்தார்.

"புதுசா புள்ளி வந்தா டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காதீங்க. போன தடவை முதுகுலதானே ஆரம்பிச்சுச்சு? வீட்ல பாக்கச் சொல்லுங்க" என்றவர், ஏதோ ஞாபகம் வந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் பார்த்துவந்தவள் மனைவி ஷமா. சாயங்காலம் சன்னலோரம் உட்காரவைத்து ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுவாள். மறுநாள் வட்டத்துக்கு வெளியே இருப்பது புதுசு.

"அசையாதீங்க. இந்தியா மேப்பு கோணப்போகுது" என்பாள்.

அவனுக்குத்தான் ஏதாவது ஆகிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். சின்னாளப்பட்டிக்குச் சேலை எடுக்கப் போன ஷமா, திரும்பும்போது மதுரை ரோட்டில் ஆட்டோ கவிழ்ந்து போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தான். துடைக்கும்போதுதான் முதுகில் அவள் போட்ட வட்டங்கள் இருந்திருக்கும் என்பது உறைத்தது. துண்டில் லேசாக நீலம் ஒட்டியிருந்தது.

இன்று பல் துலக்கியபோது எச்சிலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். போய் என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது. ஆபீசில் யாரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டுவது? சாயங்காலம் வண்டி பேகம்பூர் வீட்டுக்குத் திரும்பாமல் நாகல் நகருக்குப் போனது. ஷமாவுக்கு ஓதிய நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பிறகு மாமனார் வீட்டுப் படி ஏறியதில்லை.

மாமா கிதர் முகம்மதுதான் கதவைத் திறந்தார். தோல் வியாபாரி.

"வழி தெரிஞ்சுச்சா மாப்ள?"

"மாமா, என் முதுகைச் செத்த பாக்கணும். ஷமாதான் பாக்கும்."

அவர் அவனை உள்ளே அழைத்துப்போனார். பிறகு ட்யூப்லைட்டை அணைத்தார்.

"லைட்டுல தோல் பாக்கப்படாது. எல்லாமே நல்ல தோலாத் தெரியும். சன்னல் வெளிச்சத்துக்கு வாங்க. ஊர் ஆட்டுத்தோல் அம்புட்டையும் பாத்தாச்சு, மாப்ள தோலுதான் பாக்கி."

"புள்ள வந்திருக்கு, மொதல்ல தண்ணி குடுங்க. தோலு, தோலுன்னு" என்று திரைக்குப் பின்னாலிருந்து அதட்டினாள் மாமியார் ஜெய்தூன் பீவி.

நிஹால் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். "அஞ்சாறு புள்ளி இருக்கு" என்றார் மாமா.

"பழசா, புதுசா?"

"அத நான் எப்பிடிச் சொல்ல?"

நிஹால் பையிலிருந்த பேனாவை நீட்டினான். "சுத்தி வட்டம் போடுங்க மாமா. நாளைக்கு வாரேன்."

ஷமாவின் வட்டம் சட்டென்று முடிந்துவிடும். மாமாவின் பேனா மெதுவாக ஊர்ந்தது. நடுவில் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். நிஹால் திரும்பவில்லை. பேனா மறுபடி ஊர்ந்தது.

மறுநாள் முதுகில் தண்ணீர் படாமல் குளித்துவிட்டு, ஆபீஸ் போகுமுன் வந்தான். மாமா அவனை வாசல் வெயிலில் நிறுத்திக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை.

"என்ன மாமா?"

"வட்டத்துக்கு வெளிய நெறைய இருக்கு மாப்ள. இடுப்பு வரைக்கும்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஜெய்தூனு, ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டிக்குச் சொல்லு."

"ஆட்டோ..." என்று ஆரம்பித்த மாமியின் குரல் நின்றது. "கார் சொல்றேன். நானும் வாரேன்."

"நான் பைக்லயே போயிருவேன் மாமி."

"கீழ விழுந்து வைக்கவா? பேசாம இருங்க" என்றார் மாமா.

நிஹால் சட்டையைப் போட்டான். அவனுக்குப் பயமாக இருந்தது. ஷமா போனதிலிருந்து எதற்கும் பயப்பட்டதில்லை. பட்டன்கள் ஓட்டை மாறி மாறி விழுந்தன.

மாமா முன்னால் வந்து நின்று, எல்லாவற்றையும் கழற்றி, கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.