ஃபெர்ரியில் எட்டு மணி நேரம்

காலை ஏழு மணிக்கு தாவூத் கல்லா ஸ்டூலிலிருந்து எழுந்தார், ஃபரீதா உட்கார்ந்தாள். மலேசியாவின் ஈப்போவில் கோப்பெங் சாலை ஓரமாக இருக்கும் அவர்களுடைய நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு இரவு பகல் கிடையாது. இரவு அவர் பொறுப்பு, பகல் அவள் பொறுப்பு. ஸ்டூலின் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறிவிடும். கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாக இதே ஏற்பாடுதான். ஹரி ராயா பெருநாளுக்கு இரண்டு நாள் மூடுவார்கள். அந்த இரண்டு நாளும் மாடியில் இருக்கும் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள். புருஷன் முகத்தைவிட அவர் தேநீர் குடித்துவிட்டு வைத்துப் போகும் கிளாஸைத்தான் ஃபரீதா அதிகம் பார்த்திருப்பாள்.

அப்படிப்பட்டவர்கள் அடுத்த மாதம் ஐரோப்பா போகிறார்கள். ரோட்டர்டாமில் வேலை பார்க்கும் மகள் மெஹ்ரீன் அழைத்துக்கொண்டே இருந்தாள். தாவூத்தின் தம்பி ஜாஹித் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் காரியம் நகர்ந்தது. முதலில் லண்டனில் நான்கு நாள் சுற்றிப் பார்ப்பது, பிறகு மகளிடம் போவது. லண்டனிலிருந்து அங்கே போக மூன்று வழி இருக்கிறது, எது வேண்டும் என்று இன்றைக்குள் சொல்லுங்கள் என மெஹ்ரீன் எழுதியிருந்தாள். விமானம் ஒரு மணி நேரம். ரயில் நான்கு மணி நேரத்துக்குள். ஃபெர்ரி காலையில் புறப்பட்டு சாயந்தரம் போய்ச் சேரும், எட்டு மணி நேரம்.

"மெஹ்ரீன் கேட்டிருந்தாளே, பார்த்தீங்களா?" என்றாள் ஃபரீதா.

"பார்த்தேன். பிளேன்தான். ஏறுனா எறங்கிடலாம், சினாங்லா, ஒரு சிரமமும் இல்ல."

"ஃபெர்ரின்னும் போட்டிருக்கா."

"ஃபெர்ரியா?" தாவூத் சிரித்தார். அவருக்குத் தெரிந்த ஃபெர்ரி, பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போவது ஒன்றுதான். "மோட்டார் சைக்கிளுக்கு நடுவுல நின்னுக்கிட்டே எட்டு மணி நேரமா? என் முட்டி தாங்காது."

பக்கத்து மேசையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்த ஐயாவு என்ற வாடிக்கையாளருக்குப் பொறுக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போ ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தே ஓய்வு பெற்றவர் அவர். வேறு எதற்கு ஓட்டுப் போடுவார்?

"ரயில்ல போங்கண்ணே. கடலுக்கு அடியில போவுதாம்."

"அடியில போனா என்ன தெரியும்? இருட்டுதான் தெரியும்."

"பிளேன்ல மட்டும் என்னா தெரியுதாம்? மேகந்தான்."

ஃபரீதா கல்லாமேசையை இன்னொரு முறை துடைத்தாள். ஃபெர்ரிதான் வேண்டும் என்று அவள் மனதுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. காரணத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஐம்பத்தைந்து வயதில் அதைச் சொன்னால் சிரிக்கமாட்டார்களா? ஆகவே ஊறுகாயைத் துணைக்கு இழுத்தாள்.

"மாங்கா ஊறுகா, நல்லெண்ணெ எல்லாம் கொண்டு போறேன். பிளேன்ல கையில கொண்டு போக விடமாட்டாங்க."

"பெரிய பெட்டியில போட்டுடு. முடிஞ்சிச்சு." கொட்டாவி விட்டபடி தாவூத் மாடியேறினார். போகும்போதே மகளுக்குக் குரல் செய்தி அனுப்பியது படிக்கட்டிலிருந்து மெல்லக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் என்ன இருக்கிறது? பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கு அவள் தே தாரிக் டீ கேட்டவருக்குக் கோப்பியைச் சொல்லி அனுப்பினாள், அதுவும் இரண்டு முறை.

நான்கு மணிக்கு தாவூத் தூங்கி எழுந்து கீழே வந்தார். ஐயாவும் மாலைத் தேநீருக்கு வந்து அதே மேசையில் இருந்தார். அப்போது மெஹ்ரீன் வீடியோவில் அழைத்தாள்.

"அத்தா, நீங்க சொன்னது எனக்குப் புரியல. அம்மாவுக்கு வியாழக்கிழமை பிளேன், உங்களுக்கு வெள்ளிக்கிழமை பிளேன். ஏன் ரெண்டு நாளு?"

"ரெண்டு பேரும் ஒரே நாள் கெளம்பினா எப்படிம்மா? ஒருத்தர் கடையில இருக்கணும்ல."

"எந்தக் கடையில?"

"நம்ம கடை…" என்று ஆரம்பித்த தாவூத் அப்படியே நின்றார்.

"லண்டன்ல நமக்கு ஏது கடை அத்தா?"

ஐயாவுக்குத் தேநீர் புரையேறியது. ரொட்டி போடுகிறவர் மாவை வீசுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தாவூத்தும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே திரும்பியவர், ஃபரீதா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார்.

"அங்க போயும் ஷிப்ட்டா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை.

"பழக்கதோஷம், ஃபரீதா."

"எனக்கு ஃபெர்ரிதான் வேணும்." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "நான் உக்கார்றப்ப நீங்க எந்திரிக்கிறீங்க. நீங்க உக்கார்றப்ப நான் எந்திரிக்கிறேன். கல்யாணமாகி ஒரு முழுப் பகல் உங்க பக்கத்துல நான் உக்காந்ததில்ல. எட்டு மணி நேரம். கடல்ல யாரும் வந்து ரொட்டி கேக்கமாட்டாங்க. நீங்களும் நடுவுல எறங்கிப் போக முடியாது."

ஐயாவு சட்டென்று தன் கிளாஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். தாவூத்துக்குக் காது சிவந்தது. ஆயிரம் வாடிக்கையாளருக்கு அசராமல் பதில் சொல்லும் மனுஷன், தோள்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எட்டு மணி நேரம் என்னா பேசுறது?" என்றார் கடைசியில்.

"பேச வேணாம். உக்காந்தா போதும்."

"அத்தா, அதுல நாற்காலி, ரெஸ்டாரண்ட் எல்லாம் இருக்கு. நிக்க வேண்டியதில்ல," என்றாள் மெஹ்ரீன்.

தாவூத் போனுக்கு அருகே குனிந்தார். "ஃபெர்ரி போடும்மா. ஒரே நாளு. பக்கத்துப் பக்கத்து சீட்டு. அதை நல்லா பார்த்துப் போடு."

சாயந்தரம் ஏழு மணி ஆனது. ஃபரீதா வழக்கம்போல் ஸ்டூலிலிருந்து இறங்கப் போனாள்.

"இரு," என்றார் தாவூத். வெளியே போய் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தார். கல்லாவுக்குப் பின்னால் ஒருவர் இருக்கத்தான் இடம். அரிசி மூட்டையைக் காலால் தள்ளி, நாற்காலியைச் சாய்த்து நுழைத்து, எப்படியோ உட்கார்ந்துவிட்டார். அவர் முட்டி அவள் முட்டியில் இடித்தது.

"பழகிப் பார்ப்போம்," என்றார், தெருவைப் பார்த்தபடி.

சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்க வந்த ஒருவர், பத்து வெள்ளி நோட்டை நீட்டிய கையோடு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.