நாற்பத்தேழாம் எண் டப்பா

"வேட்டி இந்தா. சட்டைத் துணியும் உள்ளதான் இருக்கு, கத்திரி படல. பிரிச்சுப் பாத்து வாங்கிக்க."

"வாங்க ஏலாது மதினி. தை பொறந்தா கல்யாணம்னு வெத்தலபாக்கு மாத்திட்டு இப்ப வந்து வேட்டிய நீட்டுனா என்ன அர்த்தம்?"

"மதினியா? யாருக்கு யாரு மதினி? காசம் புடிச்ச புள்ளைக்கு பவுடரப் பூசி என் வீட்டுக்கு அனுப்பப் பாத்தியே, அப்ப எங்க போயிருந்தா இந்த மதினி?"

பெரும்பாறைக் காப்பித் தோட்டத்து மேல்லயத்தில் வரிசையாக மொத்தம் எட்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு எட்டு வாசலிலும் ஆட்களுக்கு ஏதோ ஒரு சோலி வந்துவிட்டது. காயப்போட்ட மிளகை ஒருத்தி கிளறிக் கிளறி நோகடித்துக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி ஒரே குண்டானை மூன்றாவது தடவையாகத் தேய்த்தாள். அந்தக் குண்டானுக்கு வாழ்நாளில் அப்படியொரு கவனிப்பு கிடைத்ததில்லை.

வேட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் பெருமாயி. பெருமாள்மலை முக்கில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். தராசைப் பிடித்தே பழகியதால் பேச்சிலும் ஒரு பக்கம் அழுத்தியே நிற்பாள். அவள் மகன் ராஜ்மோகன், சுற்றுலா வேன் ஓட்டுகிறவன், அம்மாவை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு மேலே ஏறி வராமல் கீழே ரோட்டு வளைவிலேயே நின்றுவிட்டான். வண்டிக் கண்ணாடியை நன்றாகத் துடைத்தான். தான் கட்டிக்கொள்ளவிருந்த பெண்ணைப் பற்றி இங்கே பேச்சு நடக்கிறது என்பது கண்ணாடிக்குத் தெரிந்திருக்கலாம், அவனுக்குத் தெரிந்ததாகக் காணோம்.

வாங்க மாட்டேன் என்று நின்றவள் விஜயராணி. அவள் கண்ணெல்லாம் வீட்டுக் கதவின் மேல் இருந்தது. கதவுக்குப் பின்னால் மகள் சுகன்யா நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். புருஷன் இருளப்பன் சுவரோரம் குந்தியிருந்தான். எந்தச் சண்டையிலும் அவனுடைய பங்கு பீடி பற்றவைப்பது ஒன்றுதான்.

"எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் விஜயராணி.

"ஒண்ணும் இல்லாமத்தான் பச்சைப் பெட்டி வருதா? ஏம்மா முருகேஸ்வரி, ஒளியாத, நீயே வந்து சொல்லு. இந்தப் புள்ளைக்கு நோவு இருக்கா இல்லியா?"

மூன்றாம் வீட்டு முருகேஸ்வரி ஒளியவில்லை. நன்றாகத் தெரியும்படி நாலடி முன்னால் வந்துதான் நின்றிருந்தாள். "அதெல்லாம் நான் வெளிய சொல்லக் கூடாதுங்க பெரியம்மா. சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

எட்டு வாசலுக்கும் அது போதுமானதாக இருந்தது. இல்லாத நோய்க்கு யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

விஜயராணிக்குத் தொண்டையில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து அடைத்தன. ஒன்று இருமல். இன்னொன்று, ஐந்து வாரமாக அவள் யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி.

அந்தச் சங்கதி இது.

ஆவணியில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். புரட்டாசியில் ஆராய்ச்சி வந்தது. சமவெளியிலிருந்து ஒரு குழு: ஒரு டாக்டர், ஒரு வெள்ளை ஜீப், கட்டுக்கட்டாகப் படிவங்கள். காசநோய் ஒரே வீட்டுக்குள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, கூட இருப்பவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் பரவாமல் நிற்குமா என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னார்கள். நல்ல காரியம். மலைச்சரிவில் இருமிச் செத்தவர்கள் கொஞ்சம் பேரில்லை. வீடு வீடாகப் போக உள்ளூர்க்காரி ஒருத்தி வேண்டும், ரகசியம் காக்கத் தெரிந்தவளாக இருக்கவேண்டும் என்றார்கள். தேர்ந்தெடுத்தது முருகேஸ்வரியை. லயமே சிரித்தது. யார் வீட்டில் எத்தனை முட்டை உடைந்தது என்பது வரை அவளைக் கேட்டுத்தான் வீட்டுக்காரருக்கே தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: அந்த வேலையில் அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க அவசியமும் ஏற்படவில்லை. நோய் உறுதியானவர்கள் வீட்டுக்குக் கடலை, பயறு, சத்துமாவு வைத்த பெட்டி ஒன்றைக் குழு கொடுத்தது. பச்சை நிறம், மேலே கொட்டை எழுத்தில் திட்டத்தின் பெயர். பஸ் நிறுத்தத்திலிருந்தே படிக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள் யார் என்று முருகேஸ்வரி வந்து கேட்டபோது சுகன்யா தானாகக் கையைத் தூக்கினாள். காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகையில் வேலை, தூசி. வறட்டு இருமல்தான், ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பெண், கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னாள். விஜயராணிக்கு அதைவிடப் பெரிய இருமல் இருந்தது. அவள் தனக்கு இல்லை என்றாள். அது பொய் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இருபது வருஷமாக விறகடுப்பில் ஊதி, வெற்றிலை போட்டு வந்த இருமல் அது. கூடப் பிறந்த மச்சம் மாதிரி. அதற்கெல்லாமா சளி எடுக்க டப்பா கொடுப்பார்கள்?

சுகன்யாவுக்கு மட்டும் டப்பா வந்தது. நாற்பத்தேழு என்று ஒட்டியிருந்தார்கள்.

"நாளைக்கு வெள்ளனே, பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி, நல்லா ஆழமா இருமித் துப்பணும்," என்றாள் முருகேஸ்வரி. "நான் வந்து பக்கத்துல நிப்பேன். என் முன்னிலையிலதான் எடுக்கணும், அப்படித்தான் சட்டம்."

விடிந்தது. சுகன்யா முக்கி முக்கி இருமினாள். சளி வரவில்லை, கொஞ்சம் எச்சில்தான் வந்தது. டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். விஜயராணி டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருப்பது எச்சில் இல்லை, தை மாதக் கல்யாணம். பிள்ளைக்கு ஒருவேளை ஏதாவது இருந்து, கண்ணாடிக் குழாயில் அது தெரிந்து, பெருமாள்மலை வரை போய்விட்டால்? ஒருவேளைதான். ஆனால் பெற்றவளுக்கு ஒருவேளை போதும்.

டப்பாவைக் கழுவினாள். துணியால் துடைத்தாள். கொல்லைப்பக்கம் போய், விறகடுப்பு இருமலை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டு, தன்னுடையதைத் துப்பி மூடினாள். நாற்பத்தாறு வயதில் கூடை நிறையக் காப்பிப்பழம் சுமக்கிற உடம்பு. இதைவிடச் சுத்தமான சளி எங்கே கிடைக்கும்?

முன்னிலையில் நிற்கவேண்டிய முருகேஸ்வரி அந்த நேரத்தில் அன்னக்கொடி வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பெண் ஓடிப்போன கதை. பாதியில் எழுந்திருக்கும்படியான கதை இல்லை. முடித்துவிட்டு வந்தவளுக்கு டப்பா தயாராக இருந்தது. "வெரசா எடுத்துட்டீங்களே," என்று பாராட்டிவிட்டு, படிவத்தில் 'என் முன்னிலையில்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. நாற்பத்தேழாம் எண், கிருமி உண்டு.

விஜயராணி அன்று சோறு ஆக்கவில்லை. முதலில் புரிந்தது தன் நோய் இல்லை. மகள் தலையில் தான் எதைக் கட்டிவைத்துவிட்டோம் என்பதுதான். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். சொன்னால் பெண்ணின் அம்மாவுக்குக் காசம் என்றாகும். அதற்கு மட்டும் பெருமாயி ஆரத்தியா எடுக்கப்போகிறாள்? ஆறு மாத மாத்திரை ஓசைப்படாமல் முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகலாம் என்று நாளைக் கடத்தினாள். சுகன்யா மாத்திரையை விழுங்கி, வாந்தியெடுத்து, சிவப்பாய்ப் போகிற மூத்திரத்தைக் கண்டு பயந்து, மறுநாளும் விழுங்கினாள். ஒரு பேச்சுப் பேசவில்லை. பிறகு பச்சைப் பெட்டி வந்தது.

இப்போது பெருமாயி வேட்டியை வாசல் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள். இனி கடத்துவதற்கு நாளில்லை.

"நில்லுங்க. அந்த டப்பாவுல இருந்தது அவ எச்சி இல்ல," என்றாள் விஜயராணி. "என்னுது. நாந்தான் கழுவிட்டு என்னுதத் துப்புனேன். நோவு எனக்குத்தான். எம் புள்ளைக்கு ஒரு பொட்டு இல்ல."

குண்டான் தேய்க்கும் சத்தம் நின்றது. இருளப்பனின் பீடி உதட்டிலேயே அணைந்தது.

பெருமாயி திரும்பி வந்து, அதிசயமாக, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெத்தவ இதத்தான் சொல்லுவா. எம் மகனுக்கு வந்திருந்தா நானும் என் தலையிலதான் போட்டிருப்பேன். உன்னையக் குத்தம் சொல்லல மதினி. ஆனா நம்ப முடியாது."

மதினி என்ற சொல் திரும்பி வந்தது, சம்பந்தம் போன பிறகு. அதுவும் சரிதான், இனி அதனால் அவளுக்குச் செலவில்லை.

"கடவுளே, என்ன மாதிரி தாய் பாரு," என்று அன்னக்கொடி கண்ணைத் துடைத்தாள். எட்டு வீடும் விஜயராணியை மெச்சியது. ஒரு வீடும் அவளை நம்பவில்லை.

கதவு திறந்தது. சுகன்யா அம்மாவைப் பார்த்தாள். "நெசமா?" என்று மட்டும் கேட்டாள். விஜயராணி தலையசைத்தாள். சுகன்யா நம்பினாள். லயத்தில் நம்பியது அவள் ஒருத்திதான், அதுதான் பின்னால் வினையாயிற்று.

மறுநாள் விஜயராணி ஜீப் வரும்வரை காத்திருந்து டாக்டரிடம் போய் நின்றாள். சின்ன வயதுக்காரர், எரிந்து விழாதவர். முழுக்கக் கேட்டார். சுகன்யாவுக்கு மறுபடி சோதனை செய்யச் சொன்னார். விஜயராணிக்கும் செய்யச் சொன்னார்.

சுகன்யாவிடம் கிருமி இல்லை. ஐந்து வாரம் மாத்திரை தின்றவளிடம் இருக்காதுதான், மருந்து நன்றாகக் கேட்கிறது என்று பதிவாயிற்று. நெஞ்சுப் படமும் சுத்தம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் அப்படி என்றார்கள். விஜயராணிக்குக் கிருமி இருந்தது, படத்தில் நிழலும் இருந்தது. அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. காசநோய் உறுதியானதற்குச் சந்தோஷப்பட்டவள் அந்த மலையில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

"பாத்தீங்களா சார், எனக்குத்தான்."

"மகள்கிட்டருந்து உங்களுக்கு வந்திருக்கலாமேம்மா," என்றார் டாக்டர். "நீங்க சொல்றதும் இருக்கலாம். ஆனா பாதியில மாத்திரைய நிறுத்தி, அப்புறம் அது தப்பா இருந்தா?" அவர் முருகேஸ்வரியைப் பார்த்தார். "டப்பா எடுக்கும்போது நீங்க பக்கத்துல நின்னீங்கன்னு போட்டிருக்கு. பாத்தீங்களா?"

முருகேஸ்வரிக்கு வாழ்க்கையில் முதல் மாதச் சம்பள வேலை அது. விஜயராணி அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

"பாத்தேன் சார். சுகன்யாதான் துப்புனா."

ஊர் வம்பெல்லாம் பேசிய வாய். உண்மையைப் பேசவேண்டிய ஒரே இடத்தில் நாலு சொல் பொய் சொல்லி மூடிக்கொண்டது.

அதன்பிறகு தாயும் மகளும் ஒரே சொம்புத் தண்ணீரில் மாத்திரை விழுங்கினார்கள். இருளப்பனுக்கு வராமல் தடுக்கிற மாத்திரை வாரம் ஒருநாள். லயத்தில் தீர்ப்பு சுலபமாக இருந்தது: பாவம், மகளைப் பார்த்துக்கொண்ட தாய்க்கும் ஒட்டிக்கொண்டது. அப்படியும் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாளே மகராசி.

ஒருநாள் காலையில் விஜயராணி சொன்னாள், "உன்னையக் காப்பாத்தத்தான்டி செஞ்சேன்."

சுகன்யா மாத்திரை அட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எதுலருந்தும்மா? எனக்கு ஒண்ணும் இல்லியே. எனக்கு இருக்கும்னு ஊரு அப்புறம்தான் நம்புச்சு. மொதல்ல நம்புனது நீ."

விஜயராணி எழுந்து அடுப்பை ஊதப் போனாள்.

ஆராய்ச்சி முடிந்தபோது கலந்துகொண்ட குடும்பங்களைக் கொடைக்கானலுக்கு அழைத்து ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மதியச் சாப்பாடும் உண்டு. திரையில் ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம், நோய் வந்தவர்கள் வட்டம், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்ட அம்புக்குறி. பெயர் போடவில்லை, ரகசியம். ஒரு வீட்டின் கட்டத்துக்குள் சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்கு ஓர் அம்பு போயிற்று. "திருமணமாகாத இளம்பெண்ணிடமிருந்து தாய்க்கு," என்று டாக்டர் விளக்கினார். விஜயராணி எழுந்தாள். மண்டபம் திரும்பிப் பார்த்தது. அம்பைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்ல எழுந்தவள், பக்கத்தில் அன்னக்கொடி கண்ணைத் துடைக்கத் தயாராவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சாப்பாடு நன்றாக இருந்ததாகத் திரும்பி வரும்போது பேசிக்கொண்டார்கள்.

முருகேஸ்வரி, வேலையைத் திருத்தமாகச் செய்தவள் என்று, இருபது பேரை மேற்பார்வையிடுகிறவளாக உயர்ந்து நாயுடுபுரத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பெரும்பாறைப் பக்கம் வருவதில்லை. ராஜ்மோகன் வைகாசியில் பழனி பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகள் தேவசேனாவைக் கட்டினான். அந்த வேட்டியை இருளப்பன் கட்டித் தேய்த்தான்.

சுகன்யா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். இரண்டு வருஷம் பொங்கலுக்குக்கூட வரவில்லை. அங்கேயே சண்முகராஜ் என்று ஒரு தையல் மேஸ்திரியைக் கல்யாணம் செய்துகொண்டாள். தேதி வைத்தபிறகு போன் செய்து, "வாம்மா, ஆனா பழசெல்லாம் இங்க யாருக்கும் தெரியாது," என்றாள். விஜயராணி போனாள். நோய் குணமாகி வெகுநாளாகியிருந்தது, சான்றிதழ்கூட வைத்திருந்தாள். முன்வரிசையில்தான் உட்காரவைத்தார்கள். கெட்டிமேளம் என்று யாரோ கையசைத்த நேரத்தில் ஓமப்புகைக்குத் தொண்டை கமறியது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். தெருமுனை வரை போய் இருமிவிட்டு வந்தபோது தாலி ஏறியிருந்தது.