முட்டை அட்டையில் எண்ணெய்

வாசல் தெளிக்க வாளியோடு வந்த கோகிலவாணி, தண்ணீரை வீசுவதற்கு முன்னால் குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள். பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் படுக்கையைவிட்டு எழுந்திருந்தாள். ஆனால் இந்த ஐப்பசி மாதம் முழுக்க அவளுடைய இடுப்பு அந்த இடத்துக்கு வந்ததும் தானாகவே வளையப் பழகிவிட்டது. எஞ்சினுக்கு நேர் கீழே விரித்திருந்த முட்டை அட்டையில், ஒரு குழியில் எண்ணெய் தேங்கி நின்றது. அடுத்த குழியில் பாதி. நேற்று இரவுதான் மாற்றிய புது அட்டை அது. கோழிப்பண்ணையில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் ஒரு கட்டு அட்டையைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். இரண்டாவது கட்டை ஒன்றும் கேட்காமல் திண்டுமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் கேட்காதது இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளியங்கிரி அவளுக்கு முன்னாலேயே எழுந்து வந்து காருக்கு அடியில் படுத்துவிட்டிருந்தார்.

"தண்ணி ஊத்தப் போறனுங்க" என்றாள்.

"சித்த இரு."

"இருக்கறதுக்கு எனக்கு நேரமில்லீங்க. பள்ளிக்கூடத்துக்குப் போவோணும்."

கால்கள் அசையவில்லை. அவள் கார் நின்ற இடத்தை விட்டுவிட்டு மீதி வாசலை மட்டும் தெளித்தாள். கோலத்தையும் கேட்டோரமாக ஒதுக்கிப் போட்டாள். சக்கரம் போய் வருகிற வழியில் கோலம் போட்டு, அதன்மேல் கரும்புள்ளிகள் விழுவதைப் பார்த்து அழுகை வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வெள்ளியங்கிரி சங்ககிரிப் பக்கம் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவர். பங்குனியில் மில்லை மூடினார்கள். அதற்குப் பிறகு அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தார். சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் அப்படியே போயிற்று. யார் வந்தாலும் எழுந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடியும் படுத்தார். கோகிலவாணி மல்லசமுத்திரத்தில் இருந்து வையப்பமலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து பார்க்கும்போது, காலையில் வைத்துவிட்டுப் போன சோறு மூடி திறக்காமல் இருக்கும். அந்த நாட்களில்தான் ஆடிக் காற்றில் வாசல் குப்பையைக் கூட்டும்போது அவள் முதல் சொட்டைப் பார்த்தாள். "ஏனுங்க, காருக்கு அடில எண்ணெயாட்டம் இருக்குது" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அவர் எழுந்து வந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். அதைப் பார்த்தபோது மனதுக்குள் ஏதோ ஒரு சாமிக்கு நன்றி சொன்னதும் அவள்தான்.

முதலில் எஞ்சின் தலைமேல் இருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங் என்றார். மாற்றினார். சில நாள் ஒழுக்கு நின்றது. பிறகு அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பு ஓரமாகக் கசிந்தது. அதைக் கழற்றிச் சுரண்டி, புதுப் பேக்கிங் வைத்துப் பூட்டினார். அதுவும் நின்றது. பிறகு எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருந்து ஒழுக ஆரம்பித்தது. பின்பக்க ஆயில் சீல், அதுதான் ஆதியிலிருந்தே போயிருக்கும், மேலே இருந்ததெல்லாம் வெறும் போக்குக் காட்டல் என்றார். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, பழைய மில் நண்பர்களிடம் இருந்து ஜாக்கி வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே கியர்பாக்ஸை இறக்கினார். ஊரே வேடிக்கை பார்த்தது. ஆயில் சீலை மாற்றி எல்லாவற்றையும் ஏற்றிப் பூட்டிய அன்று பாயசம் வைக்கச் சொன்னார். அந்த வாரமே மறுபடியும் அட்டையில் எண்ணெய்.

வீட்டில் எதைத் தொட்டாலும் பிசுக்கு. அவளுடைய பழைய பல் துலக்கும் பிரஷ், நல்ல துவாலைகள், மாவு சலிக்கும் சல்லடைகூட எஞ்சினுக்குப் போய்விட்டது. சாப்பிடும்போது எண்ணெய், படுக்கும்போது எண்ணெய், மகள் சௌந்தர்யா போனில் கூப்பிட்டால், "உடம்பு எப்பிடி இருக்குது சாமி" என்று கேட்டுவிட்டு அடுத்ததாக எண்ணெய்.

இப்போது சௌந்தர்யாவுக்குத்தான் நாள் நெருங்கியது. தம்மம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வரவேண்டும். சம்பந்தி நேற்று போனில், "எதுக்குங்க சிரமம், நம்ம புதுக் கார்ல நாங்களே கொண்டாந்து விட்டுடுறோம்" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். வெள்ளியங்கிரி முகம் சுண்டிப்போய், "இல்லீங்க, என்ற புள்ளய என்ற வண்டில கூட்டிட்டு வாரேன்" என்று போனை வைத்தார்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கார் மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. மகளுக்குச் சீராகக் கொடுக்க அவள் எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் போல்ட்டுகளும் நட்டுகளும் ஊறிக்கொண்டிருந்தன.

"இத எதுக்குங்க எடுத்தீங்க?"

"கழுவிக் குடுத்தர்றேன்."

"கழுவிக் குடுத்தா ஆச்சா? வெள்ளிக்கெழம புள்ளய அழைக்கப் போவோணும். பலகாரம் சுடோணும், ஆளுங்களுக்குச் சொல்லோணும். நீங்க இதுக்குள்ளயே தலைய உட்டுட்டு இருந்தா நா ஒருத்தியா என்னத்தப் பண்ணுவேன்? பேசாம இத வித்துப்போடுங்க. எவனாவது எடைக்கு எடுத்துக்குவான்."

"இன்னொரு எடந்தான் பாக்கியிருக்குது. கண்டுபுடிச்சிருவேன்."

"இப்பிடித்தான் ஆடியிலிருந்து சொல்றீங்க. மில்லுலயும் இப்பிடித்தான் கண்டுபுடிச்சீங்களா?"

சொன்ன வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல் போய்விட்டது. வெள்ளியங்கிரி கையில் இருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார். தாம்பாளத்தில் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் பூட்டி, பானட்டை இறக்கினார். தாம்பாளத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி அடுப்படியில் கவிழ்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சித்திரையில் படுத்திருந்த அதே படுக்கை.

மறுநாள் வெண்ணந்தூரில் ஒரு துக்கம். அவர் பஸ்ஸில் போனார். அவள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு குணசீலனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். ராசிபுரம் ரோட்டில் இருக்கிற அந்தக் கடைக்கு வெள்ளியங்கிரி ஒருநாளும் போனதில்லை. வழியெல்லாம் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருந்தது. செய்தால்தான் என்ன, வெள்ளிக்கிழமை நடுரோட்டில் நின்றால் இந்த மனுசனுக்கு அதைவிட வேறு அவமானம் வேண்டுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குணசீலன் நல்ல பையன்தான். ஆனால் வேலை நிறைய. குழியில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்தான்.

"பின்னாடி ஆயில் சீலுங்கக்கா. கியர்பாக்ஸ எறக்கோணும். ஏற்கெனவே எவனோ தெரியாதவன் கை வெச்சிருக்கறான்."

கோகிலவாணிக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "தெரியாதவனா? எங்கூட்டுக்காரருங்க மாத்துனது. மில்லுல நூல் சுத்தற கதிரு ஆயிரக்கணக்குல ஓடுற மிசின நிக்காம ஓட்டுனவரு. அவரு ஒரு சீலு வெச்சா வெச்சதுதானுங்க. அது ஒழுகுதுன்னா கோளாறு சீலுல இல்ல."

அவன் சிரித்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே தளர வைத்தான். மூடி டங்கு டங்கென்று குதித்தது. ஓரத்தில் புகை வந்தது.

"இதென்ன இப்பிடி ஆடுது?"

"பழைய எஞ்சின் அப்பிடித்தானுங்கக்கா இருக்கும். பிஸ்டன் தேஞ்சிருக்கும். மொத்தமா எறக்கி வேல பாத்தர்லாம். தை மாசம் கொண்டாங்க."

தை மாதமாம். அவள் மூடியைத் தானே இறுக்கிவிட்டு வண்டியைத் திருப்பினாள். வழியில் அழவேண்டும்போல் இருந்தது. முன்னால் போன மரவள்ளிக் கிழங்கு டிராக்டர் வழி விடாததால் அதன்மேல் ஹாரனை அடித்துத் தீர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெள்ளியங்கிரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் இருந்து வந்து குளித்த ஈரம் காயவில்லை. எழுந்து வந்து பானட்டில் கை வைத்துப் பார்த்தார்.

"குணசீலங்கிட்டப் போனியா?"

"ஆமாங்க."

கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தினால் தானும் கத்தலாம், நேற்றுச் சொன்னதற்கு அதிலேயே எப்படியாவது ஈடு கட்டிவிடலாம் என்றிருந்தது. அவரோ, "என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

"சீலுன்னான். நீங்க வெச்ச சீலு போவாதுன்னு சொல்லிப்போட்டு வந்தேன். மொத்தமா எறக்கோணும்னான். எண்ணெ ஊத்தற மூடியத் தொறந்து வெச்சான். அது இட்லிக் குண்டா மூடியாட்டம் தவ்வுது. பழைய எஞ்சின் அப்பிடித்தான் தவ்வும்னுட்டான்."

வெள்ளியங்கிரி பானட்டில் இருந்து கையை எடுக்கவில்லை. "எப்பிடித் தவ்வுச்சு?"

"அதான், உள்ள ஆவி முட்டுனா தவ்வுமல்லோ, அப்பிடி."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வேட்டியோடு போய் ஸ்டார்ட் பண்ணி, மூடியைத் தளர்த்தி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். கை மேலே எழும்பியது. எஞ்சினை நிறுத்திவிட்டு, தலைப்பகுதியில் இருந்து காற்று வடிகட்டிக்குப் போகிற விரல் தடிமன் ரப்பர் குழாயைப் பிடுங்கினார். ஒரு நுனியில் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. மறுநுனியில் ஒன்றும் வரவில்லை.

"குடைக் கம்பி இருந்தா எடு."

எடுத்து வந்தாள். அவர் குத்தினார், அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பழம்புளி போல ஒரு கருப்பு விழுது, கட்டை கட்டையாக அவள் கையில் விழுந்தது. அவர் மறுபடியும் ஊதினார். இந்த முறை மிச்சமிருந்ததெல்லாம் கிளம்பி அவள் ஜாக்கெட்டின் மேல் தெறித்தது.

"எஞ்சின் மூச்சு உடற பைப்பு இது" என்றார் வெள்ளியங்கிரி. உதடெல்லாம் கருப்பாக இருந்தது. "அடச்சிட்டுது. உள்ள முட்டுன காத்துக்குப் போக்கில்ல. எங்கெங்க சந்து இருக்குதோ அங்க அங்க எண்ணெயத் தள்ளியிருக்குது. நா ஒரு சந்த அடச்சா அது இன்னொண்ணத் தேடியிருக்குது." குழாயைக் கீழே போட்டார். "மொதல்ல பாக்க வேண்டியது இதத்தான். மொத மொதல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. ஒரு குழாய்க்காக ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, அத்தனை துவாலைகள், அந்த ஒரு சொல். "இதச் சுத்தம் பண்ணப் பத்து நிமிசம் ஆவுமா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவ்வளவுகூட ஆவாது."

பின்னால் இருந்த ஆயில் சீலையும் அந்தக் காற்றழுத்தம் நோகடித்திருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கி வந்து, நண்பர்களை வைத்துக்கொண்டு வியாழக்கிழமைக்குள் போட்டு முடித்தார். அட்டை விரித்தார். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அட்டை காய்ந்திருந்தது. கோகிலவாணி அந்தக் காய்ந்த அட்டையைப் பார்த்தபடி நின்றாள். சந்தோசப்படுவதற்கு முன்னால் வேறொன்று தோன்றியது. பெண்ணை அழைத்து வந்த பிறகு, திங்கட்கிழமை காலையில், இவர் எதற்காக எழுந்திருப்பார்? அதைத் தள்ளிவிட்டுப் புளிச்சோற்றைக் கிளறப் போனாள்.

சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரின் பின்சீட்டில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, வளையல் பெட்டி, பழத்தட்டு. ராசிபுரம் தாண்டியதும் வெள்ளியங்கிரி ஓரமாக நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்துவிட்டு ஏறினார். நாமகிரிப்பேட்டையில் மறுபடியும். சம்பந்தி போன் பண்ணினார், எங்கே வருகிறீர்கள் என்று. "வந்துட்டே இருக்கறமுங்க" என்றாள் நின்ற வண்டியில் உட்கார்ந்துகொண்டு. மெட்டாலாவுக்கு முன்னால் மூன்றாவது தடவை நிறுத்தினார்.

"ஏனுங்க, நல்ல நேரம் போவுது. புள்ள அங்க மணையில உக்காந்திட்டு இருப்பாளுங்க."

அவர் தோள் துண்டை ரோட்டோரப் புல்லில் விரித்து, வெள்ளை வேட்டியோடு மல்லாக்கப் படுத்து, காருக்கு அடியில் இடுப்புவரை நுழைந்தார். அவள் காத்திருந்தாள். லாரிகள் காரை உலுக்கிவிட்டுப் போயின. கால்கள் அசையவில்லை. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்க் குனிந்தாள்.

எஞ்சினின் அடிப்பாகம் காய்ந்து கிடந்தது. வெள்ளியங்கிரி அதைப் பார்க்கவில்லை. கைகளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி சும்மா படுத்திருந்தார்.

"ஒழுகலீங்க" என்றாள்.

"ஆமா. நின்னுருச்சு."

"அப்பறம் என்னங்க, எந்திரிங்க."

"வாரேன். நீ போய் உக்காரு."

அவள் போகவில்லை. அன்றைக்கு மில்லை இழுத்துச் சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் கறிக்கோழி ஏற்றிய லாரி ஒன்று கூண்டுகள் கடகடக்க அவர்களை ஒட்டிக் கடந்து போனது. அதன் பின்னால் ரோடு முழுக்க வெள்ளை இறகுகள் சுழன்று எழும்பின. சில காற்றில் தாழ்ந்து காருக்கு அடியில் நுழைந்து, அவருடைய சட்டையிலும் வேட்டியிலும் உட்கார்ந்தன. அவர் தட்டிவிடவில்லை. கோகிலவாணி புல்லில் மண்டி போட்டு, கையை உள்ளே நீட்டி, ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.