பாரிஸ் விமானத்தில் நானூறு பேருக்கு வடை

றொஷினிக்கு வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதத் தவணை முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியவர் அவளுடைய மேலாளர் பேரின்பநாதன். ஆகவே அவர் சிரித்தால் அவளும் சிரித்தாள். புரோசார்ட்டில் வாங்கிய வீட்டின் சமையலறை மேடைக் கல்லைப் பற்றி அவர் கதைத்தால், காணாத அந்தக் கல்லையும் வியந்தாள்.

டோர்வலில் உள்ள விமானச் சமையற்கூடத்துக்கு, எந்தப் பறப்புக்கு எத்தனை தட்டு என்று கணித்து அனுப்புவது அவர்களுடைய நிறுவனத்தின் மென்பொருள். அது பன்னிரண்டு பிரதிகளாக, ஒவ்வொன்றும் கொள்கலன் எனும் தன் தனியறைக்குள் ஓடும். ஒன்று விழுந்தால், அவற்றை ஓட்டும் கணினிக் கூட்டமான கிளஸ்டர் இன்னொன்றை எழுப்பும். எழுந்ததற்கு முகவரி புதிது. ஒன்றையொன்று அறியாவிட்டால் ஒரே வேலையை இரண்டு பிரதிகள் செய்துவிடும். அதனால் பேரின்பநாதன் முகவரிகளைக் கையாலே எழுதிவந்தார், கோயில் உபயகாரர் பட்டியல் மாதிரி.

றொஷினி அந்தப் பட்டியலை ஒழித்தாள். இனி எழும்பும் பிரதி தானே கிளஸ்டரிடம், என் குழுப் பெயரைச் சுமப்பவர்கள் யார் யார் என்று கேட்கும்; இரகசியச் சொல்லும் பொருந்தினால் போய்ச் சேர்ந்துகொள்ளும். சோதனைத் தளமும் அதே கிளஸ்டரில் ஓடியதால், அதற்கு வேறு பெயரும் வேறு சொல்லும் வைத்தாள்.

பேரின்பநாதன் பார்த்தார். "இதென்ன பிள்ளை, ரெண்டு பேர்? திங்கக்கிழமை காட்டுற படத்திலை போட வடிவில்லை."

"ஒரே பேரெண்டால் சோதனைப் பிரதியளும் வந்து மற்றதுகளோடை ஒட்டிக்கொள்ளும் அண்ணை."

"நான் இருபது வரியமா இதிலை கிடக்கிறன். ஒட்டாது."

பெயர்கள் இரண்டையும் சொற்கள் இரண்டையும் ஒன்றாக்கினார். கையோடு கையாக, யார் எதை மாற்றினார் என்று குறிக்கும் பதிவேட்டில் அவள் பெயரை எடுத்துத் தன் பெயரைப் போட்டார். திங்கட்கிழமை நிறுவன இயக்குநர் மதாம் கன்யோனின் முன்னால் பதினான்கு விளக்கப் படங்களைத் திரையில் காட்டினார். அறிமுகம் செய்துவைக்க ஆளே வேண்டாம், பிரதிகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். றொஷினியும் தட்டினாள். வெள்ளிக்கிழமை இருக்கிறதே.

புதன் காலை சமையற்கூடத்து மகேந்திரராசா தொலைபேசியில் வந்தார்.

"பிள்ளை, பாரிஸ் பிளைட்டுக்கு நானூறு பேருக்கெண்டு வந்திருக்கு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, பாயாசம். பைலட்டுக்கு மேலை வச்சுத் தாலி கட்டோ?"

"ஐயோ, நிப்பாட்டுங்கோ அண்ணை. அது பிழை."

"உழுந்து வாங்க ஆள் போயிட்டான். கீழை ஒரு குறிப்பும் கிடக்கு: மாப்பிள்ளை பகுதிக்கு ரெண்டு வடை, மற்றாக்களுக்கு ஒண்டு. இது உங்கடை பேரின்பத்தாற்ரை மகளின்ரை கலியாணச் சாப்பாடெல்லோ, லவால் மண்டபத்திலை. நானூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கலியாணக் காட் வரேல்லை."

பேரின்பநாதன் கலியாணச் சாப்பாட்டைச் சோதனைத் தளத்தில் கணித்துப் பார்த்திருக்கிறார். பறப்பு எண் இல்லாமல் அது கணிக்காது. பாரிஸ் எண்ணைக் கொடுத்திருக்கிறார். றொஷினி சொன்னபடியே சோதனைப் பிரதிகள் மற்றவற்றோடு போய் ஒட்டிக்கொள்ள, கலியாணக் கணக்கு நேரே சமையற்கூடத்துக்குப் போய்விட்டது.

ஒரு மணித்தியாலத்தில் கூட்டம். யார் செய்த வேலை என்று மதாம் கேட்க, பேரின்பநாதன் றொஷினியைக் காட்டினார். மதாம் பதிவேட்டைத் திரையில் விரித்தாள். வரிக்கு வரி ஒரே பெயர்: பேரின்பநாதன்.

அவர் றொஷினியின் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்: "பிள்ளை, உண்மையைச் சொல்லும். எழுதினது நீர்தானே."

ஓம் என்றால் பழி அவளுக்கு. இல்லையென்றால் கையொப்பம் இல்லை.

"திங்கக்கிழமை கைதட்டு வாங்கேக்கை நீங்கள் எழுதினது. இண்டைக்கு நான் எழுதினது. நாளைக்கு ஆர் அண்ணை?"

பிறகு பிரெஞ்சில் மதாமிடம் நிதானமாகச் சொன்னாள்: எழுதியது நான், பெயர்களை ஒன்றாக்கியது அவர், என் பெயரை எடுத்ததும் அவர். தன் கணினியில் கிடந்த, தான் எழுதிய முதல் வடிவத்தைத் திகதியோடு திரையில் போட்டாள். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன.

மதாம் ஒரு கேள்விதான் கேட்டாள், திருத்த எவ்வளவு நேரம் என்று. பத்து நிமிடம் என்றாள் றொஷினி. எட்டில் முடித்தாள். வேலை நிரந்தரம் என்ற வெள்ளிக்கிழமைக் கடிதம் அன்று பின்னேரமே வந்தது, மதாமின் கையொப்பத்தோடு.

அடுத்த கிழமை மகேந்திரராசா அழைத்தார்.

"காட் வந்திட்டுது பிள்ளை."

"போவியளோ?"

"போகாமல்? மாப்பிள்ளை பகுதியெண்டு சொல்லிப்போட்டு ரெண்டு வடை வாங்குவன்."