என் பெயரில் அக்காவின் தைராய்டு

சித்திரை மாதத்தில் மதுரைப் பக்கம் போர்வை கேட்ட ஒரே ஆள் என் அக்கா நாகஜோதியாகத்தான் இருக்கும். சோழவந்தானே வெக்கை தாங்காமல் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு திரிந்த நாட்களில், அவள் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "டேய், அந்த ஜன்னலைச் சாத்துடா, குளுருது" என்பாள்.

எங்கள் வீட்டில் யாரும் இதை நோய் என்று நினைக்கவில்லை. எதற்கும் காரணம் சொல்லும் பொறுப்பு அம்மாவுடையது. செல்லத்தாய் என்று பெயர். அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. செல்போன். காலையில் முகம் ஊதியிருந்தது. செல்போன். குரல் கம்மி, போனில் பேசினால் யாரோ பெரியப்பா பேசுவதுபோல் இருந்தது. அதற்கும் செல்போன். "ராத்திரி பூரா செல்லை நோண்டுனா பகல்ல தூக்கம் வராம என்ன செய்யும்?" என்பாள். உண்மையில் அக்கா சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவாள். அவள் செல்லை நோண்டிக்கொண்டிருந்தது நான்.

அப்பா பெயர் காளை. கொடிக்கால் வைத்திருக்கிறார். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு வெற்றிலைக் கொடிதான். "தண்ணி கூடிப்போச்சுன்னா கொடி இப்படித்தான் தொங்கும்" என்று, அக்காவைத் தண்ணீர் குறைவாகக் குடிக்கச் சொன்னார். வைத்தியத்தில் அவருடைய பங்கு அத்தோடு முடிந்தது.

அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஒருநாள் டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிவிட்டாள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். எழுப்பவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து சத்தமே வரவில்லையே என்று சந்தேகப்பட்டுத்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து பார்த்திருக்கிறார். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி அன்றைக்கு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தைராய்டு டெஸ்ட் எடுங்க மிஸ்" என்று சொன்னாள்.

சாதாரண வீடாக இருந்தால் மறுநாளே எடுத்திருப்பார்கள். எங்கள் வீடும் சாதாரண வீடுதான். ஆனால் பங்குனியில் அக்காவுக்குப் பூ வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை உசிலம்பட்டி, பெயர் தங்கப்பாண்டி, சொந்தமாக உரக்கடை. ஆவணியில் கல்யாணம்.

"இப்ப எதுக்கு டெஸ்ட்டு?" என்றாள் அம்மா. "கல்யாணம் முடியட்டும். அங்கிட்டுப் போயி எடுத்தா அது அவுக வீட்டு நோவு. இங்கிட்டு எடுத்தா நம்ம வீட்டு நோவு."

"நோவு எனக்குத்தானம்மா?" என்றாள் அக்கா.

"உனக்கு என்னாடி நோவு? ஒரு பொம்பளைப்பிள்ளை ரத்தம் குடுத்துட்டு வந்தான்னா ஊரு என்ன பேசும்? தைராய்டுன்னா பிள்ளை நிக்காதும்பாக. அந்த மதினி காதுல விழுந்துச்சுன்னா வச்ச பூவைத் திருப்பிக் கேப்பாக."

அந்த மதினி என்றால் மாப்பிள்ளையின் அம்மா இருளாயி. நேரில் பார்த்தால் மெதுவாகப் பேசுவார். அதுதான் எல்லோருக்கும் பயம்.

நான் நாகமலை புதுக்கோட்டையில், யுனிவர்சிட்டியில் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறேன். காலையில் பஸ் ஏறிப் போய், மரத்தடியில் உட்கார்ந்து சமூகத்தைக் கவனித்துவிட்டு, சாயங்காலம் வந்துவிடுவேன். அப்படி வந்த ஒரு நாள் அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"டேய் நல்லகாமா, உனக்கு ரொம்ப அசதியா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு."

"எனக்கு அசதியா இல்லையேக்கா."

"இல்லைன்னு சொன்னா யாருடா நம்புவா?"

யோசித்துப் பார்த்தால் சரிதான். அம்மாவிடம் போய், "என்னமோ தெரியலம்மா, எந்திரிக்கவே முடியல. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. வழக்கமாகப் படுக்கும் அதே இடத்தில் வழக்கம்போலப் படுத்திருந்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நானும் பாத்துக்கிட்டேதான்யா இருக்கேன், பிள்ளை துரும்பா எளச்சுப் போச்சு" என்று கண்கலங்கினாள். அன்று மாலையே ஆட்டுக்கால் சூப்.

சூப் வைத்தது அக்கா. அடுப்படிச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டே மிளகு இடித்தாள். எனக்கு உடம்பு சரியில்லாததால் எழுந்து உதவ முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, "தம்பியத் தனியா விட வேணாம், நீயும் கூடப் போடி" என்று அம்மாவே அக்காவை அனுப்பிவைத்தாள். கோரிப்பாளையத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே கிளினிக். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேஷண்ட் யாரு?"

"வீட்ல கேட்டா நான்" என்றேன். "இங்க அக்கா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கோரிப்பாளையத்தில் கிளினிக் நடத்துகிறவர், இதைவிடப் பெரிய கதையெல்லாம் கேட்டிருப்பார். அக்காவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், எச்சில் முழுங்கச் சொன்னார், நாடி பார்த்தார். ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அக்கா, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்து எடுத்து என் கையில் ஒட்டினாள். வீட்டில் காட்டுவதற்கு.

மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போனோம். டி.எஸ்.எச். நாலு ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். அக்காவுக்கு அறுபத்தெட்டு. "இதோடயா வேலைக்குப் போயிட்டு இருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். தைராய்டு சுரப்பி ஏறக்குறைய லீவு போட்டுவிட்டது, அது செய்ய வேண்டிய வேலையை இனி மாத்திரை செய்யும், தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், அரை மணி நேரத்துக்குக் காபி கூடாது, அநேகமாக ஆயுசுக்கும் போட வேண்டியிருக்கும் என்றார்.

"பிள்ளை..." என்று அக்கா இழுத்தாள்.

"மாத்திரை போட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. போடாம விட்டாத்தான் பிரச்சினை. உண்டானதும் உடனே வந்து அளவைப் பாத்துக்கணும். யாருக்குத் தெரியாட்டியும் கூட இருக்கவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்மா."

அக்கா படி இறங்கும்போது அழுதாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். "போடா கூறுகெட்டவனே" என்றாள். "ரெண்டு வருசமா நான் சோம்பேறின்னு நானே நம்பிட்டேன்டா."

கீழே இறங்கியதும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். குளிருது என்று என்னிடமே கொடுத்துவிட்டாள்.

வீட்டில் எனக்குத் தைராய்டு என்று அறிவிக்கப்பட்டது. தம்பிக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கும் டியூட்டியை அம்மா அக்காவிடம் ஒப்படைத்தாள். தினமும் காலையில் அக்கா மாத்திரையும் தண்ணீருமாக என் தலைமாட்டுக்கு வருவாள். அவளே முழுங்குவாள். போய்விடுவாள். "குடுத்துட்டியாடி?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள். "உள்ள போயிருச்சும்மா" என்பாள் அக்கா. அவள் பொய் சொல்லவில்லை.

வைகாசி கடைசியில் அக்கா கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். முகத்து வீக்கம் வடிந்தது. ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று அம்மாவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். அவ்வளவு தெம்பை நாங்கள் பார்த்தே ரொம்ப நாள் ஆகியிருந்தது. "கல்யாணக் களை வந்துருச்சு" என்றாள் அம்மா. "தண்ணியக் கொறச்சோம்ல" என்றார் அப்பா.

எனக்குத்தான் நோய் முற்றியது. சூப்பும் முட்டையும் சேர்ந்து இடுப்பில் ஒரு சுற்று ஏறியிருந்தது. தைராய்டு வந்தால் உடம்பு போடும் என்று அம்மா எங்கேயோ கேட்டுவந்திருந்தாள். கவலைப்பட்டு இன்னொரு டம்ளர் சூப் ஊற்றினாள்.

ஆம்பளைப்பிள்ளையின் நோயை மறைக்க வேண்டிய அவசியமில்லை. அம்மா பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். எங்கள் கொடிக்கால் வெற்றிலை உசிலம்பட்டி சந்தைக்குப் போகிறது. வெற்றிலையோடு தகவலும் போனது.

ஆனி மாதம் இருளாயி அத்தை வந்தார். பழம் பூவெல்லாம் தட்டில் வைத்துவிட்டு, என் உடம்பை விசாரித்தார். நான் அசதியாக இருந்தேன். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"மதினி, தப்பா நெனைக்கக் கூடாது. இது ரத்தத்துல ஓடுற சீக்காம்ல. தம்பிக்கு இருக்குன்னா பிள்ளைக்கும் ஒருக்கா பாத்துட்டா நல்லதுன்னு எங்க வீட்ல சொல்றாக."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் பயந்திருப்பாள். இப்போது அக்கா கோயில் குதிரை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். "எம்மக கல்லு மாதிரி இருக்கா மதினி. எந்த லேப்பு, எந்த ஊரு, நீங்களே சொல்லுங்க. இன்னைக்கே போவோம்."

உசிலம்பட்டியில் அவர்களுக்குத் தெரிந்த லேப்பில், இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, அக்கா ரத்தம் கொடுத்தாள். டாக்டரம்மா இரண்டு மாதம் கழித்து எடுக்கச் சொன்ன மறுபரிசோதனை, இப்படி மாப்பிள்ளை வீட்டுச் செலவிலேயே முடிந்தது. மறுநாள் மாலை என் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. இரண்டு புள்ளி ஒன்பது. நார்மல்.

அம்மா தெருவில் இறங்கி நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்கால வெயிலில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய், "ஜெயிச்சுட்டோம்க்கா" என்றேன். என் திட்டம் இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவளுடைய திட்டம்தான், ஆனாலும் சூப் குடித்தவன் நான்.

"எதுல ஜெயிச்சோம்?"

"நார்மல்னு வந்துருச்சே."

"ஆவணிக்குப் பெறகு அங்க யாரு பேருல முழுங்குறது? சீர்வரிசைல குத்துவிளக்கு, அண்டா, அப்பறம் நீன்னு சேத்து அனுப்பச் சொல்றியா?"

"ஒளிச்சு வச்சு முழுங்கு. எம்புட்டோ பேரு அப்படித்தான் செய்றாங்க."

அவள் மடித்த துணியையெல்லாம் என் கையில் ஏற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இருளாயி அத்தையும் தங்கப்பாண்டியும் வந்தார்கள். பத்திரிகை அடிப்பதைப் பற்றிப் பேச்சு ஓடியது. அம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒன்பதாவது தடவையாக, "ரெண்டு புள்ளி ஒம்போது மதினி" என்றாள். ஏதோ அக்கா ஸ்டேட் ரேங்க் வாங்கியதுபோல.

அக்கா காபித் தட்டைக் கீழே வைத்தாள். "அத்தை, அது மாத்திரை போட்டதுனால வந்த நார்மலு."

யாருக்கும் புரியவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். "தம்பிக்கு ஒண்ணும் இல்ல. தைராய்டு எனக்குத்தான். சித்திரைல பாத்தப்ப அறுபத்தெட்டு இருந்துச்சு. அவன் பேரைச் சொல்லி நான்தான் மாத்திரை போடுறேன். எங்கம்மாவுக்கு இது தெரியாது."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்ப உனக்கு?"

"எனக்கு நார்மல்மா."

"டெஸ்ட்டு எடுத்தியாடா?"

"இல்ல. ஒரு நம்பிக்கைதான்."

அம்மா கையில் கிடைத்த விசிறியை எடுத்து எறிந்தாள். அது தங்கப்பாண்டியின் தோளில் பட்டது. அவர் அதை எடுத்து, மரியாதையாக அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

இருளாயி அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் அம்மாவுக்கு முன்பே தெரியும் என்று சந்தேகம் வந்திருக்காது. பிறகு மெதுவாக அக்காவிடம் கேட்டார்.

"நார்மல்னுதான வந்துருச்சு. நீ எதுக்குத்தா வாயத் தெறந்த? கமுக்கமா இருந்திருக்கலாம்ல?"

"அங்க வந்து தெனமும் ஒளிச்சு ஒளிச்சு முழுங்குறதுக்குத் தெம்பு வேணும் அத்தை. தெம்பு இல்லாமத்தான் டெஸ்ட்டே எடுத்தேன்."

"பிள்ளை குட்டி?"

"மாத்திரை போட்டா ஒண்ணும் ஆகாதுன்னாக. போடுறது கூட இருக்கவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னாக. சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிருங்க. பத்திரிகை இன்னும் அடிக்கல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம் ஆகிவிட்டதாகச் சொன்னார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

தங்கப்பாண்டி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, இவுக சொல்றத எல்லாம் பாத்தா... எனக்கும் கடைல ஒக்காந்தா மதியத்துல கண்ணைச் சொருகுதே. மூட்டை மேலயே தூங்கிர்றேன்ல?"

"நீ சும்மா இருடா. அது சோம்பேறித்தனம்."

"அதை டெஸ்ட் எடுக்காம சொல்ல முடியாது அத்தை" என்றாள் அக்கா.

வாய் தவறி வந்துவிட்டது. சொன்னபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இருளாயி அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. அது கோபமாக இருக்கலாம் என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். ஆனால் அவர் ஆறிப்போன காபியை எடுத்து முழுசாகக் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"சரித்தா. எம்பிள்ளையப் பாக்காம உன்னைய மட்டும் பாக்கச் சொன்னது எங்க தப்புத்தான். திங்கக்கெழமை இவனையும் கூட்டிட்டு வாரேன். நீ பாத்த டாக்டர்கிட்டயே காமிப்போம். பத்திரிகை அடிக்கக் குடுங்க மதினி, அதுபாட்டுக்கு நடக்கட்டும்." எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "வெறும் வயித்தோடயா வரணும்?"

"சாப்பிட்டே வரலாம் அத்தை" என்றாள் அக்கா.

வாசலில் பைக்கை எடுக்கும்போது தங்கப்பாண்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். தோளில் கைபோட்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"மாப்ள, ஊசி எம்புட்டு நீளம் இருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும் மச்சான்?" என்றேன்.